வாழைமூட்டுத் தண்ணீர்

கல்யாண மண்டபத்தில் சாப்பிட்டு எழுந்தவர்கள் கை கழுவிவிட்டு நேரே வெற்றிலைத் தட்டைப் பார்த்துப் போவார்கள். கை கழுவிய தண்ணீர் எந்த வழியாக எங்கே போகிறது என்று பார்க்கப் போன ஒரே ஒரு ஆளைத்தான் நான் கண்டிருக்கிறேன். பட்டுச்சேலையைக் கணுக்கால் தெரியத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எச்சில் இலை குவிந்து கிடக்கும் பின்பக்கத்துக்குப் போவார். கைப்பையிலிருந்து விரல் நீளத்தில் ஒரு பாட்டிலை எடுத்து, ஓடைத் தண்ணீரை மொண்டு, மூடியைத் திருகி, மேலே பேனாவால் ஏதோ எழுதி, மறுபடியும் கைப்பைக்குள் போட்டுக்கொள்வார். அந்தக் கைப்பைக்குள் சீப்பும், வேதப்புத்தகமும், மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த எலுமிச்சம்பழமும் இருக்கும். திரும்பி வந்து பக்கத்தில் நிற்பவரிடம், “பிரதமன் பாயசம் நல்லா இருந்துல்லியா?” என்று கேட்பார்.

நாகர்கோவில் கோட்டாற்றில் ஒரு மளிகை மொத்தக் கடைக்கு மேலே, மாடியில், அவருடைய லேப் இருந்தது. படியேறும்போது வற்றல் மிளகாய் நெடி தொண்டையைப் பிடிக்கும். மேலே போனால் ஸ்பிரிட் வாசம். சர்க்கரை, கொழுப்பு பார்க்கிற லேப் இல்லை அது. ஊரிலுள்ள டாக்டர்கள் புண்ணிலிருந்து எடுத்த சீழையும், சளியையும், மூத்திரத்தையும் அங்கே அனுப்புவார்கள். அதில் என்ன கிருமி இருக்கிறது என்று வளர்த்துப் பார்த்து, எந்த மருந்துக்கு அது மசியும் என்று இவர் எழுதி அனுப்புவார். கல்ச்சர் டாக்டரம்மா என்றால் ஆட்டோக்காரர்களுக்குக்கூடத் தெரியும். இப்போது அவரும் இல்லை, லேபும் இல்லை. அந்த மாடியில் மொபைல் போனுக்கு உறை விற்கிறார்கள். பெயரை நான் எழுதவில்லை. ரிப்போர்ட்டில் தன் பெயரைப் பொடி எழுத்திலும் கிருமியின் பெயரைப் பெரிய எழுத்திலும் போட்டவர் அவர், அதனால் பெயர் போடாததற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நான் புதுக்கடை என்கிற ஊரில் பிளம்பிங் சாமான் கடை வைத்திருக்கிறேன். அழுக்குத் தண்ணீரை மனுஷர் கண்ணில் படாமல் கொண்டுபோய்ச் சேர்க்கிற குழாய்களை விற்றுப் பிழைக்கிறவன். அதையே தேடி அலைகிறவரிடம் போய்ச் சேர்ந்தது என் காலால்தான்.

சவூதியில் பைப் ஃபிட்டராக இருந்தபோது, பின்னோக்கி வந்த லாரி ஒன்று என் இடது காலைச் சுவரோடு வைத்து நெரித்துவிட்டது. அங்கேயே முழங்காலுக்குக் கீழே இரும்புத் தகடு வைத்துத் தைத்தார்கள். எலும்பு கூடியது, புண் கூடவில்லை. ஊருக்கு வந்து இந்தக் கடையைத் தொடங்கியபோதும் புண்ணிலிருந்து பச்சை நிறத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது. நாகர்கோவிலில் எலும்பு டாக்டர் ஒருவர் தகட்டை எடுத்தார், எலும்பைச் சுரண்டினார், மறுபடியும் சுரண்டினார். ஊசி மருந்து மாற்றி மாற்றிப் போட்டார். ஒவ்வொரு மருந்துக்கும் கொஞ்சம் அடங்குவதுபோல் இருக்கும், பிறகு துணிக்கட்டு நனைந்துவிடும்.

அவர் நல்ல மனிதர். ஒளிக்காமல் சொன்னார். “இது மேல ஏறிட்டுன்னா உயிருக்கு ஆபத்து. முட்டுக்குக் கீழ எடுத்திரலாம். ஓணம் வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள கல்ச்சர் டாக்டரம்மா ஏதாவது வழி சொன்னா பாப்போம்.” என் மனைவி லீலா அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலை எடுப்பது என்றால் ஏணியில் ஏறி மேல்தட்டுச் சாமான் எடுக்கிற என் பிழைப்பையும் எடுப்பதுதான். அதைவிடவும், இருட்டில் எழுந்தால் தரையில் ஊன்ற ஒரு கால் இருக்காதே என்ற பயம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது.

டாக்டரம்மா சாதாரணமாக நோயாளிகளைக் கூப்பிட்டுப் பேசுவதில்லை. என்னைக் கூப்பிட்டார். கையில் ஊன்றி நடக்கிற தாங்கியுடன் நான் அந்தப் படிகளில் ஏறி முடிப்பதற்குள், இனி எது போனாலும் பரவாயில்லை என்று ஆகிவிட்டது. அறுபதை ஒட்டிய வயது, குட்டையான உருவம், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி. உட்காரச் சொன்னார். என் காலை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஒரு வட்டமான கண்ணாடித் தட்டை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்.

“இது உங்க ஆளாக்கும்,” என்றார். “சூடோமோனாஸ். பாத்தியளா, என்ன அழகா விரிச்சுப் படுத்திருக்கு.”

தட்டு முழுக்கப் பாலாடை மாதிரி ஒரு படலம், லேசான பச்சை. அதன்மேல் பொட்டுப் பொட்டாய் வெள்ளை வில்லைகள். ஒவ்வொரு வில்லையும் ஒரு மருந்து. மருந்து பலிக்கும் என்றால் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் வெறும் வட்டம் விழும் என்று விளக்கினார். பிறகு வேறு யாரோ ஒருவருடைய தட்டைக் காட்டினார். அதில் ஒவ்வொரு வில்லையைச் சுற்றியும் நல்ல வட்டம். என்னுடையதில் ஒரு வில்லைக்கும் வட்டமில்லை. எல்லா மருந்தையும் ஒட்டி உரசிக்கொண்டு வளர்ந்திருந்தது.

“எவ்வளவு மருந்தைப் பாத்திருக்கும், எத்தனை ஆஸ்பத்திரியில இருந்து படிச்சிருக்கும்! உள்ள வருத மருந்தை வந்த வழியே வெளிய தள்ளுது. என்ன சாமர்த்தியம்!” என்றார். மகன் பரீட்சையில் ஜெயித்ததைச் சொல்கிற முகம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இது என் காலைத் தின்கிற சனியன், இந்த அம்மா அதற்குத் திருஷ்டி கழிக்கிறாரே என்று நினைத்தேன். படியிறங்கும்போது லீலாவிடம், “இவிய நமக்கு டாக்டரா, அதுக்கு டாக்டரா?” என்றேன்.

அவரிடம் போய்வந்த எல்லாருக்குமே இந்தச் சந்தேகம் இருந்திருக்கிறது. கிருமியைக் கொல்வது, ஒழிப்பது, அழிப்பது என்ற சொற்கள் அவர் வாயில் வராது. “அது போவும்” என்பார், “அடங்கி இருக்கும்” என்பார். லேபில் வேலை பார்த்த ஸ்டெல்லா நிறையச் சொல்வாள். ஸ்டெல்லாவுக்கு என் வயது இருக்கும், தட்டுகளுக்குச் சத்துக்கூழ் காய்ச்சி ஊற்றுவது அவள் வேலை. ஒரு தடவை கீரிப்பாறையில் சொந்தக்காரர் வீட்டுக்கு டாக்டரம்மாவும் அவளும் எஸ்டேட் பஸ்ஸில் போயிருக்கிறார்கள். ரப்பர் பால் உறையவைக்கிற இடத்துக்குக் கீழே, நாற்றம் குடலைப் பிடுங்குகிற ஓரிடத்தில், டாக்டரம்மா பஸ்ஸை நிறுத்தச் சொன்னாராம். ஏதோ அவசரம் என்று நினைத்து டிரைவர் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். இவர் ஓடையில் இறங்கிப் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு ஏறி, “ஆச்சு, போலாம்,” என்றாராம். பஸ்ஸில் இருந்த பால்வெட்டுக்காரப் பெண்கள் கீரிப்பாறை போய்ச் சேரும்வரை சிரித்தார்கள் என்றாள் ஸ்டெல்லா.

மருந்துக்கடைகளில் மட்டும் அவருக்குக் கோபம் வரும். கோட்டாற்றில் ஒரு கடையில் நானே பார்த்தேன். தடித்த வியாபாரி ஒருவர், தொண்டை கரகரப்புக்கு நல்ல பவர் மாத்திரையாக ரெண்டு தரும்படி கேட்டார். பக்கத்தில் நின்ற டாக்டரம்மா அவருடைய கையைப் பிடித்துவிட்டார்.

“அண்ணாச்சி, ரெண்டு மாத்திரையில அது போவாது. ரெண்டு மாத்திரைக்கு எப்படித் தப்பிக்கணும்னு படிச்சுக்கிடும். பொறவு உங்க பேரப்பிள்ளைக்கு வரும்போ அந்தப் படிப்போட வரும். சுக்கு தட்டிப்போட்டுக் காப்பி குடிங்க.”

“உமக்கு என்னம்மா, நான் என் காசுல வாங்குதேன்,” என்றார் அவர். ஆனாலும் வாங்காமல்தான் போனார். அடுத்த கடையில் வாங்கியிருப்பார்.

என் இரண்டாவது தட்டும் அப்படியே வந்தபோது, டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்காரவைத்து அந்த விஷயத்தைச் சொன்னார். கிருமிக்கும் நோய் வரும் என்றார். கிருமியைவிடச் சிறிதாக வைரஸ் ஒன்று இருக்கிறது. அது நம்மை ஒன்றும் செய்யாது. அதற்குக் கிருமிதான் சாப்பாடு. கிருமியின் மேல்தோலில் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு உட்காரும், உள்ளே போகும், உள்ளேயே பெருகி, அதை வெடித்துக்கொண்டு வெளியே வரும். ஆனால் எல்லா வைரஸும் எல்லாக் கிருமியையும் பிடிக்காது. ஒவ்வொன்றுக்கும் அதனதன் ஆள் இருக்கிறது.

“உங்க ஆளைப் பிடிக்குதது எங்கயோ இருக்கும். அது எங்க இருக்கும்? சாப்பாடு இருக்குத இடத்துலதானே இருக்கும்? நான் இதுவரைக்கும் சேத்து வச்சிருக்கதுல ஒண்ணும் சேரல்ல. உங்க புண்ணு கழுவுத வெள்ளம் எங்க போவுது?”

லீலா தயங்கினாள். “பின்னால வாழை மரத்து மூட்டுக்குப் போவுது டாக்டரம்மா.”

“அதுல கொஞ்சம் வேணும். நாளைக்கு இவரு கடைக்கு வாறவங்க யாரு கிட்டயாவது குடுத்துவிடுங்க,” என்று அந்த விரல் நீளப் பாட்டில்களைக் கொடுத்தார்.

கொடுத்துவிட்டோம். ஒன்றும் இல்லை என்று ஸ்டெல்லா போன் செய்தாள். மறுபடியும் கேட்டார்கள், மறுபடியும் கொடுத்துவிட்டோம். மறுபடியும் ஒன்றும் இல்லை. ஓணத்துக்கு ஊரில் ஊஞ்சல் கட்ட ஆரம்பித்திருந்தார்கள். எலும்பு டாக்டர் ஆபரேஷனுக்கு முன்னால் பார்க்க வேண்டிய ரத்தப் பரிசோதனைகளை எழுதிக் கொடுத்துவிட்டார். நான் கடையில் உட்கார்ந்து, ஒற்றைக் காலோடு ஏணியில் ஏற முடியாது, ஆனால் நாற்காலியில் இருந்துகொண்டு கல்லாவைப் பார்க்கலாம் என்று என்னையே தேற்றிக்கொண்டிருந்தேன். அந்தத் தேற்றல் அரைமணி நேரம்கூடத் தாங்காது.

அப்போதுதான் ஒரு பகலில் டாக்டரம்மா ஆட்டோவில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார். ஓடையை நேரில் பார்க்க வேண்டும் என்றார். லீலாவுக்குக் கை கால் ஓடவில்லை. இவ்வளவு பெரியவரை வீட்டுக்குள் உட்காரவைக்காமல் நேரே பின்பக்கம் கூட்டிப்போவதா? சாயா போட்டாள், மட்டிப்பழம் எடுத்துவைத்தாள். டாக்டரம்மா சாயாவைக் குடித்துக்கொண்டே, “எப்படி மக்களே வெள்ளம் எடுத்தா? மேலாப்புல மொண்டியா, அடியில கலக்கி எடுத்தியா?” என்று கேட்டார்.

லீலா பெருமையாகவே சொன்னாள். “அடியிலதான் எடுத்தேன். தெளிய வச்சு, நல்ல தோர்த்துத் துணியில ரெண்டு தடவை அரிச்சு, பொறவு நல்லா கொதிக்க வச்சு, ஆறினதுக்குப் பொறவுதான் பாட்டில்ல ஊத்தினேன்.”

எனக்கே அது அன்றுதான் தெரியும்.

டாக்டரம்மா கோப்பையைக் கீழே வைத்தார். “கொதிக்க வச்சியா?”

“பின்னே? படிச்ச ஒரு அம்மா கையில அந்த நாத்தத் தண்ணியை அப்படியே குடுத்துவிடுவாவளா? இஞ்ச வீட்டுக்கு வாறவங்களுக்கு வெள்ளம் குடுத்தாலே அனத்தி, சீரகம் போட்டுத்தானே குடுக்கோம். எங்க மாமியா கேட்டா என்னைக் கொன்னுபோடுவாவ.”

“சீரகமும் போட்டியா?”

“இல்ல டாக்டரம்மா. இதுக்குப் போடல்ல.”

டாக்டரம்மா சிரித்தார். நான் அப்படி ஒருவர் சிரித்துப் பார்த்ததில்லை. கண்ணாடி மூக்கிலிருந்து நழுவிக் கயிற்றில் ஆடியது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டார், புரையேறியது. லீலாவுக்கு முதலில் புரியவில்லை. வெந்நீரில் வைரஸ் இருக்காது, அது வெந்து போயிருக்கும், இத்தனை நாளும் நான் உன் சமையலைத்தான் பரிசோதித்துக்கொண்டிருந்தேன் என்று அவர் சொன்னதும் லீலாவின் முகம் வெளுத்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டாள். அவளால் என் கால் போகப்போகிறது என்று நினைத்துவிட்டாள். எனக்கும் அந்த நிமிடம் அவள்மேல் ஆத்திரம் வந்தது, மறைக்கவில்லை. “உனக்கு என்னத்துக்குட்டி இந்த வேலை?” என்று கத்தினேன்.

“சும்மா இருங்க தம்பி,” என்றார் டாக்டரம்மா. லீலாவின் தோளைத் தட்டினார். “தப்பு என்மேல. வெள்ளம் வேணும்னு சொன்னேன், அழுக்கா வேணும்னு சொல்லல்ல பாரு. வா மக்களே, காட்டு.”

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாழைமூட்டில் குத்தவைத்தார். என் புண் கழுவிய தண்ணீரும், பாத்திரம் கழுவிய தண்ணீரும், மீன் கழுவிய தண்ணீரும் சேர்ந்து கறுத்துக் கிடந்த குழி அது. அடிச்சேற்றைக் குச்சியால் கலக்கி மொண்டார். லீலா ஃபினாயில் டப்பாவோடு வந்து நின்றாள். நாற்றத்துக்கு வெட்கப்பட்டுக் கொஞ்சம் தெளிக்கலாம் என்று கொண்டுவந்திருக்கிறாள். டாக்டரம்மா அதை அவள் கையிலிருந்து வாங்கித் தூரத்தில் கொண்டு வைத்தார்.

அடுத்த வாரம் தட்டில் துளைகள் விழுந்தன. மருந்து வில்லையைச் சுற்றி வருகிற வட்டம் இல்லை இது. பாலாடையில் ஊசியால் குத்தியதுபோலச் சின்னச் சின்னத் துளைகள். ஒவ்வொரு துளையும் ஒரு வைரஸ் பெருகித் தின்றுவிட்டுப் போன இடம். டாக்டரம்மா அதைப் பார்க்கும்போதும் அதே முகம்தான். ஆனால் இந்தத் தடவை எனக்கும் அழகாகத்தான் தெரிந்தது.

“உங்க வாழைமூட்டுல ரெண்டும் சேந்துதான் இருக்கு, பாத்தியளா,” என்றார். “இது அதைத் தின்னுது. அது மாறிக்கிடுது. பொறவு இதுவும் மாறுது. ஒண்ணு இன்னொண்ணைத் தீத்துக்கட்டல்ல. எத்தனையோ காலமா இப்படித்தான் இருக்கு.”

“என் காலுல தீத்துக்கட்டட்டும் டாக்டரம்மா,” என்றேன்.

“பாப்போம்,” என்றார்.

ஓடையில் எடுத்ததை அப்படியே மனுஷ உடம்பில் விட முடியாது. வடக்கே ஒரு பெரிய ஊரில் இதைச் சுத்தம் செய்யத் தெரிந்த ஆராய்ச்சிக்கூடம் இருந்தது. அங்கே அனுப்பினார். எழுத்துக்கும் அனுமதிக்கும் அவர் எத்தனை பேரைப் பிடித்தார் என்று எனக்கு முழுதாகத் தெரியாது. எலும்பு டாக்டரிடம் தானே போய், ஓணத்தைக் கிறிஸ்துமஸ் ஆக்கி வாங்கிவந்தார். வடக்கே அந்தப் பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் நானும் லீலாவும் போய்த் தங்கினோம். என் வீட்டு வாழைமூட்டிலிருந்து புறப்பட்டது, கண்ணாடிச் சீசாவில் பளிங்கு மாதிரித் திரும்பி வந்து, என் புண்ணுக்குள் சொட்டுச் சொட்டாக இறங்கியது. லீலா அந்தச் சீசாவையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

முதலில் ஒழுக்கு நின்றது. பச்சை போனது. ஊருக்கு வந்தோம். லீலா சுவாமித்தோப்புப் பதிக்குப் போய் வேண்டுதலை முடித்துவிட்டு வந்தாள். அவள் வந்த மூன்றாம் நாள் கட்டு நனைந்தது.

அதே வாசனை. லீலா லேபுக்குப் போன் செய்தாள். ஸ்டெல்லா வந்து புண்ணில் பஞ்சுக்குச்சியால் தொட்டு எடுத்துக்கொண்டு போனாள். இரண்டு நாள் கழித்து டாக்டரம்மாவே போன் செய்தார். குரலில் துள்ளல்.

“தம்பி, அது தப்பிச்சிட்டு! வைரஸ் இப்போ அதை ஒண்ணும் செய்யல்ல. மாறிட்டு!”

இத்தனை மாதமும் அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது. “நீங்க யாரு பக்கம் டாக்டரம்மா?” என்று கத்தினேன். “அது தப்பிச்சா உங்களுக்குச் சந்தோசம். என் காலு போனா உங்களுக்குப் படிக்கதுக்கு ஒரு தட்டு. அதானே?”

அவர் சன்னமான குரலில், “நீங்க இப்போ வரணும் தம்பி. ஆட்டோவுல வாங்க. லீலாவையும் கூட்டிட்டு வாங்க,” என்றார்.

போனோம். இரண்டு தட்டுகளை ஒட்டி வைத்திருந்தார். ஒன்று பழையது, ஒரு வட்டமும் இல்லாதது. இன்னொன்று அந்த வாரத்தது. அதில் ஒரே ஒரு வில்லையைச் சுற்றிச் சுத்தமாக ஒரு வட்டம் விழுந்திருந்தது. சவூதியிலேயே முதன்முதலில் எனக்குப் போட்டுப் பலிக்காமல் போன பழைய மருந்து அது.

என்னைப் பார்க்காமல், தட்டையே பார்த்துக்கொண்டு சொன்னார். “ஓட்டை வள்ளத்துல கடலுக்குப் போறவன் கையில தேங்காச் செரட்டை வச்சிருப்பான்லா? ஏறுத வெள்ளத்தைக் கோரிக் கோரி வெளிய விடுவான். இதுவும் அப்படித்தான், உள்ள வருத மருந்தைக் கோரி வெளிய விட்டுக்கிட்டிருந்து. நம்ம வைரஸ் அந்தச் செரட்டையைப் பிடிச்சுத்தான் உள்ள ஏறிச்சு. அது என்ன செஞ்சுதுன்னா, வைரஸுக்குப் பயந்து செரட்டையைத் தூக்கிக் கடல்ல எறிஞ்சிட்டு. வைரஸ் இனி ஏறாது. ஆனா மருந்து ஏறினா கோரி விடதுக்கு ஒண்ணும் இல்ல.”

லீலாதான் முதலில் புரிந்துகொண்டாள். “அப்போ இந்த மருந்து கேக்குமா?”

“கேக்கும்னுதான் தோணுது. அது திரும்பவும் படிக்கதுக்குள்ள சட்டுனு குடுக்கணும். எலும்பு டாக்டர் கிட்ட பேசிட்டேன், இன்னைக்கே சேந்திருங்க.” பிறகு என்னைப் பார்த்தார். “இப்படி மாறலாம்னு எனக்கு ஒரு நெனப்பு இருந்து. சொல்லல்ல. சொல்லி, மாறாம போனா நீங்க என்ன செய்வீங்க? மாறினதும் சந்தோசம் தாங்கல்ல. உங்களுக்கு அது எப்படிக் கேக்கும்னு நெனச்சுப் பாக்கல்ல. கெழவிக்குப் புத்தி இல்ல தம்பி.”

தாங்கியை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவர் வந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

அந்த மருந்து நரம்பு வழியாக நெடுநாள் ஏறியது. மருந்தோடு புண் அடியிலிருந்து மேலே பூத்து வந்தது. சிவப்பாக, ஈரமில்லாமல். எலும்பு டாக்டர் கிறிஸ்துமஸைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார். தோல் மூடிக்கொண்ட பிறகும் டாக்டரம்மா ஒத்துக்கொள்ளவில்லை. மருந்தை நிறுத்தி, காத்திருந்து, எலும்புக்குள் ஊசி விட்டு எடுத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றார். அதையும் செய்தோம். வழக்கத்தைவிட அதிக நாள் தட்டுகளை வைத்துப் பார்த்தார் என்று ஸ்டெல்லா சொன்னாள். தினமும் காலையில் வந்ததும் கைப்பையைக்கூட வைக்காமல் அந்த அலமாரியைத்தான் திறப்பாராம்.

வரச் சொன்னார்கள். மிளகாய் நெடிக்குள் படியேறினோம். கையில் தாங்கி இல்லை. லீலாவின் தோளில் மட்டும் கை வைத்திருந்தேன்.

மேஜைமேல் தட்டுகள் இருந்தன. வெறும் தட்டுகள். கழுவிக் கவிழ்த்ததுபோல் சுத்தமாக இருந்தன.

“ஒண்ணும் வளரல்ல,” என்றார்.

இவ்வளவு நாள் பழகிய ஆள் போய்விட்டதே என்று வருத்தப்படுவாரோ என்று நான் உள்ளூர நினைத்திருந்தேன். அவர் அந்தத் தட்டுகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஸ்டெல்லாவிடம் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்.

“காலைக் காட்டுங்க தம்பி.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் என் காலை ஒருநாளும் பார்த்ததில்லை. சீழைப் பார்த்திருக்கிறார், பஞ்சைப் பார்த்திருக்கிறார், என் வீட்டு வாழைமூட்டுச் சேற்றைப் பார்த்திருக்கிறார். காலைப் பார்த்ததில்லை. நான் வேட்டியை முட்டுக்கு மேலே தூக்கினேன். அவர் கையுறைகளை உரித்துக் குப்பைக்கூடையில் போட்டார். சோப்புப் போட்டுக் கை கழுவினார், துடைத்தார். நாற்காலியிலிருந்து எழுந்து, வலிக்கிற முட்டுகளை ஒவ்வொன்றாக மடக்கித் தரையில் உட்கார்ந்தார். வேண்டாம் டாக்டரம்மா, நான் மேலே தூக்கி வைக்கிறேன் என்றேன். காதில் வாங்கவில்லை. தழும்பின்மேல் உள்ளங்கையை முழுதாக வைத்தார்.

அந்த இடத்தை எத்தனையோ பேர் தொட்டிருக்கிறார்கள், எல்லாரும் ரப்பர் கையோடு. லீலாகூடக் கட்டு மாற்றும்போது பயந்து பயந்துதான் தொடுவாள். வெறும் மனுஷக் கை ஒன்று அங்கே பட்டு வருஷக்கணக்காகியிருந்தது. அவர் கையை எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

“சூடில்ல,” என்றார் லீலாவைப் பார்த்து. “வந்து தொட்டுப் பாரு மக்களே. கொஞ்சமும் சூடில்ல.”

லீலாவும் தரையில் உட்கார்ந்து கை வைத்தாள். இரண்டு பெண்களின் கை என் காலில் இருந்தது. நான் அழுதேன். வெட்கப்படவில்லை.

“நடங்க, பாப்போம்,” என்றார் டாக்டரம்மா.

தட்டு வைக்கிற அலமாரியிலிருந்து ஜன்னல் வரை நடந்தேன், திரும்பி வந்தேன். கால் லேசாக இழுத்தது, ஆனாலும் ஊன்றியது. அவர் எழுந்திருக்காமல் தரையில் இருந்தபடியே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் பாதம் தரையில் பதிவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னும் ஒருக்கா,” என்றார்.

நடந்தேன்.